கணக்கேட்டில் ஏறாத இழப்பு

வருவாய் குறைந்துவிட்ட ஓர் இல்லத்தில் எதை முதலில் நிறுத்துவது என்று முடிவு செய்யும்பொழுது அவ்வில்லத்தின் மனம் வெளிப்படுகிறது. ஒரு வீட்டில் திரைப்படத்துக்குப் போவது நிற்கும். மற்றொரு வீட்டில் வார இதழ் நிற்கும். வேறொரு வீட்டில் குடும்பத் தலைவரின் மதுவும் புகையும் குறையமாட்டா, பிள்ளையின் பால் மட்டும் குறையும். பற்றாக்குறை எல்லார்க்கும் வரக்கூடியது. அதனை யார் தலையில் ஏற்றுவது என்ற தெரிவோ நம்முடையது. ஆகவே அது கணக்கு வேலையாக மட்டும் நின்றுவிடாமல், அறத்தைப் பற்றிய கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

பள்ளிக்கூடத்துக்கும் வரவு உண்டு, செலவு உண்டு, பற்றாக்குறை உண்டு. பற்றாக்குறை வந்த ஆண்டில் எது முதலில் விழுகிறது என்று பல நாட்டுப் பள்ளிகளையும் நோக்கினால், விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கக் காண்கிறோம். இசை விழுகிறது, ஓவியம் விழுகிறது, நாடகம் விழுகிறது, நூலகத்துக்குப் புதிய நூல் வாங்குவது நிற்கிறது, மாணவர் கையெழுத்து இதழ் நிற்கிறது, இடைநிலைப் பள்ளியில் சிலரே எடுக்கும் விருப்பப் பாடம் நிற்கிறது. கணிதத்தை நிறுத்தலாமா என்று எவரும் கேட்பதில்லை. இசையை நிறுத்தலாமா என்றும் எவரும் கேட்பதில்லை. அது கேளாமலே நின்றுவிடுகிறது. இவ்வாறு கேளாமல் நின்றுவிடுவதைப் பற்றியே இங்கு எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று. பணமில்லை என்று ஆட்சியாளர் கூறுவது எப்பொழுதும் சாக்காகிவிடாது. எண்ணெய் விலை வீழ்ந்தமையால் 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் நம் நாட்டு வரவு செலவுத் திட்டமே திருத்தி அமைக்கப்பட்டதை நாம் அறிவோம். கூரை ஒழுகும் பள்ளியில் கூரையைத்தான் முதலில் சீர்செய்ய வேண்டும். கரையான் அரித்த தூணின் கீழ்ப் பிள்ளைகளை உட்காரவைத்து வீணை கற்பிப்பது அறிவுடைமை ஆகாது. எனவே எதையுமே குறைக்கலாகாது என்று வாதிட நான் முற்படவில்லை. குறைத்தே ஆகவேண்டிய நிலையில், குறைப்பவர் எதற்காக, எவரிடத்தில் விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே என் கேள்வி.

நம் பள்ளிகளில் இஃது எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சிறிது விளக்க வேண்டும். மலேசியாவில் இன்று 500-க்கும் மேற்பட்ட தேசிய வகைத் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை பகுதி உதவி பெறுபவை. 150 மாணவர்க்குக் குறைந்த பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வியமைச்சு வகைப்படுத்துகிறது. தமிழ்ப்பள்ளிகளில் மிகப் பல இவ்வகையைச் சேர்ந்தவை. முப்பது பிள்ளைகள்கூட இல்லாத பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவரை ஒரே அறையில் அமர்த்தி ஓராசிரியரே பயிற்றும் கூட்டு வகுப்பும் உண்டு. பாடங்களுக்குரிய மானியமோ மாணவர் தலையை எண்ணிப் பெருக்கித் தரப்படுவது. நீதியான முறை போலத்தான் தோன்றும். ஆனால் ஒரு மிருதங்கத்தின் விலை, பள்ளியில் 40 பேர் இருந்தாலும் 400 பேர் இருந்தாலும் ஒன்றே. இசையில் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் வேண்டுமென்றால், அவரை மாணவர் தொகைக்கேற்பப் பத்தில் ஒரு பங்காக அனுப்ப இயலாது. ஆகவே சிறிய பள்ளிக்குத் தலைக்கணக்கு மானியம் வரும்பொழுதே ஒரு வெட்டு அதற்குள் அடங்கி வருகிறது. எவரும் அதனை வெட்டு என்று அழைப்பதில்லை, அவ்வளவே.

1983-ஆம் ஆண்டு நாடெங்கும் நடைமுறைக்கு வந்த கே.பி.எஸ்.ஆர். கலைத்திட்டம் இசையைத் தொடக்கப்பள்ளிப் பாடமாகவே வைத்தது. ரிக்கார்டர் என்னும் சிறு குழலை ஊதப் பழகிய தலைமுறை அதன்வழி வந்ததே. 2011-இல் தொடங்கிய கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டத்திலும் இசைக்கல்விக்கும் காட்சிக்கலைக் கல்விக்கும் இடமுண்டு. தாளில் அவை கட்டாயப் பாடங்கள். நடைமுறையில் பல பள்ளிகளில் அவை விருப்பப் பாடங்களைப் போலவும், அதனினும் கீழாகவும் நடத்தப்படுகின்றன. கால அட்டவணையில் இசை என்றிருக்கும். வகுப்பறையில் வாய்பாடு ஒப்புவிக்கும் ஓசை கேட்கும். இசை அறியாத ஆசிரியரிடம் இசை வேளையை ஒப்படைத்தால் வேறென்ன நிகழும்? யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தவரை அத்தேர்வின் மேல் பழி போட்டோம். 2021-இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. பழக்கம் நீங்கியபாடில்லை. ஆண்டு முழுதும் நடனத்துக்கு நேரமில்லாத பள்ளி, பரிசளிப்பு விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் திரைப்பாடலுக்கு ஆடவல்ல பிள்ளைகளைத் தேடி வகுப்பு வகுப்பாக ஆளனுப்புவதையும் நாம் காண்கிறோம். அதனையே கலை நிகழ்ச்சி என்று அழைப்பிதழிலும் அச்சிடுகிறோம்.

இனி அடிப்படையான வினாவுக்கு வருவோம். கூரைக்கான பணத்தைக் குறைத்தால் மழை வந்து காட்டிக்கொடுக்கும். கணிதத்தைக் குறைத்தால் தேர்ச்சி விழுக்காடு காட்டிக்கொடுக்கும், பெற்றோர் வருவர், மாவட்டக் கல்வி அலுவலகம் கேட்கும். இசையைக் குறைத்தால் காட்டிக்கொடுக்க ஒன்றுமில்லை. குழலைத் தொட்டே அறியாத சிறுவன், தன்னிடம் குழலூதும் திறன் இருந்தது என்று எவ்வாறு அறிவான்? அறியாதவன் எவ்வாறு முறையிடுவான்? அவன் பெற்றோரும் அறியார். அவனுக்குக் கற்பித்த ஆசிரியரும் அறியார். தீங்கு இழைத்தவர்க்கும் தெரியாமல், தீங்கு பட்டவர்க்கும் தெரியாமல் ஒரு தீங்கு நிகழ முடியுமா?

முடியாது என்று வாதிடுவாரும் உளர். இல்லாத ஒன்றை எவரும் இழப்பதில்லை. பெறாத இன்பத்துக்கு ஏங்குவாரும் இல்லை. எனவே துன்பம் இல்லாத இடத்தில் தீங்கும் இல்லை என்பது அவர் கூற்று. கேட்பதற்கு வலுவான வாதமே. ஆனால் இதனை வேறோர் இடத்தில் வைத்துப் பார்ப்போம். தந்தையை இழந்த சிறுவன் ஒருவனுக்கு ஒரு காணி நிலம் இருக்கிறது. அவன் வளரும்வரை அதனைக் காக்கும் பொறுப்பு மாமனுடையது. மாமன் அந்நிலத்தை விற்கவில்லை, கவரவில்லை, உழாமல், காவலிடாமல் கிடக்கவிட்டார். காடு மண்டி, எல்லைக்கல் மறைந்து, நிலம் அயலாருடைய நிலத்தோடு கலந்துபோயிற்று. பையனுக்கோ தனக்கு நிலமிருந்த செய்தியே தெரியாது. அவனுக்கு ஏக்கமும் இல்லை, வழக்கும் இல்லை. இதனால் மாமன் பொறுப்பினின்று விடுபட்டுவிட்டார் என்று எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் தீர்ப்புக் கூறாது. மாறாக, கேட்கத் தெரியாதவன் பொருள் என்பதனாலேயே அவர் இருமடங்கு விழிப்பாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் கூறும். ஆறு வயதுப் பிள்ளையின் திறன்கள் இத்தகைய நிலமே. பள்ளியும் கல்வித்துறையும் அதன் பொறுப்பாளர்கள்.

இவ்விடத்தில் நம்மவர் பலர் எழுப்பும் தடை ஒன்றுண்டு. அதில் உண்மையும் உண்டு. படைப்பாற்றலுக்குப் பணம் எதற்கு என்று கேட்பர். இரப்பர்க் கொட்டையிலும் தென்னங்கீற்றிலும் விளையாட்டுப் பொருள் செய்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எந்த அமைச்சு மானியம் கொடுத்தது? இன்றும் உறுமி மேளக் குழுக்களில் இளைஞர்கள் எந்தப் பாடநூலும் இல்லாமல் கடினமான தாளக்கட்டுகளை வாசிக்கிறார்களே! நம் இலக்கியத்தையே எடுத்துக்கொண்டாலும், 1950-களின் தொடக்கத்தில் 'தமிழ் நேசன்' நடத்திய கதை வகுப்பும், கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' வளர்த்த மாணவர் மணிமன்றமும் எத்தனை எழுத்தாளரை உருவாக்கின! அவர்களுள் பலர் பெரிய பள்ளி எதனையும் கண்டவரல்லர்.

உண்மை. ஆனால் அந்த எடுத்துக்காட்டுகளையே கூர்ந்து நோக்குவோம். கதை வகுப்பு என்பது என்ன? எழுதிப் பழகுவோர்க்குப் பயிற்சி கொடுத்து, அவர் அனுப்பியதைப் படித்து, மதிப்பிட்டுச் சொல்ல ஆள் இருந்தனர். அச்சிடப் பக்கம் இருந்தது. படிக்க மக்கள் இருந்தனர். அந்தச் செலவைச் செய்தித்தாள் ஏற்றுக்கொண்டது. செலவே இல்லாமல் நடந்தது என்று நாம் நினைப்பதற்குக் காரணம், அது நம் கணக்கில் எழுதப்படாததே. கற்பனை பிள்ளையிடம் இலவசமாகவே வருகிறது. அதனைப் பார்த்து, 'இவ்விடம் நன்று, இவ்விடம் மறுபடியும் செய்' என்று கூறும் ஒருவர் இலவசமாக வருவதில்லை. வரவு செலவுத் திட்டம் வாங்கித் தருவது வண்ணக் குச்சியும் வரைதாளும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவை மலிவானவை, பெற்றோர் ஆசிரியர் சங்கமே வாங்கிக் கொடுத்துவிடும். பெரிய செலவு பயிற்சி பெற்ற ஒரு மனிதரும், அவருக்கு வாரத்தில் தொடர்ந்து கிடைக்கும் ஒரு நேரமுமே. உறுமி வாசிக்கும் அந்த இளைஞன் பள்ளியில் பல நேரங்களில் பின் வரிசையில் அமர்ந்த கடைநிலை மாணவனாகவே எண்ணப்பட்டான். அவனிடம் என்ன இருந்தது என்று கேட்டறியும் வேளை எதுவும் அட்டவணையில் இல்லை.

இன்னொன்றையும் கருத வேண்டும். பள்ளியில் நிறுத்தப்பட்ட கலை உலகத்தினின்று மறைந்துவிடுவதில்லை, விலைக்கு வந்துவிடுகிறது. நகரத்தில் வயலின் வகுப்பு உண்டு. பரதநாட்டிய வகுப்பு உண்டு. ஓவிய வகுப்பும் நாடகப் பயிற்சியும் உண்டு. மாதந்தோறும் கட்டணம் செலுத்த இயன்ற வீட்டுப் பிள்ளை அங்கே போகிறது. பள்ளி இசையை நிறுத்தியதால் அப்பிள்ளைக்கு ஒன்றும் குறையவில்லை. தந்தை பாரவுந்து ஓட்டி, தாய் தொழிற்சாலையில் இரவுப் பணி செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கதவு மூடப்படுகிறது. எல்லார்க்கும் பொதுவாக வெட்டியதாகச் சொல்லப்பட்ட வெட்டு ஒரு சாரார் மேல் மட்டும் விழுகிறது. வீடு தரமுடியாததைத் தருவதற்கென்றே ஏற்பட்ட நிறுவனம் பள்ளி.

அடிப்படை இருந்தால் போதும் என்ற சொல்லை நம் சமுதாயம் இப்பொழுதுதான் முதன்முதலாகக் கேட்கிறது என்று இளைய ஆசிரியர்கள் எண்ணிவிடக் கூடாது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் பணித்தது. பள்ளிகள் எழுந்தன. அங்கே தமிழ் எழுத்தும் சிறிது கணக்கும் கற்பித்தனர். சில வகுப்புகளோடு பெரும்பாலும் கல்வி முடிந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியராக இருந்த இடங்களும் பல. பால் மரம் சீவப் போகும் பிள்ளைக்கு இதற்கு மேல் எதற்கு என்பது தோட்ட நிருவாகத்தின் கருத்து. நிருவாகத்தின் நோக்கில் அது பிழையற்ற கணக்கே. அக்கருத்தை எதிர்த்துத்தான் நம் முன்னோர் பள்ளிகளை வளர்த்தனர். இன்று நாமே பள்ளி மேலாளர் வாரியக் கூட்டத்தில் அமர்ந்து, 'எழுத்தும் எண்ணும் வரட்டும், மற்றவை பிறகு பார்க்கலாம்' என்று பேசும்பொழுது, யாருடைய குரலில் பேசுகிறோம் என்று ஒரு கணம் நின்று கேட்டுக்கொள்வது நல்லது.

'பிறகு' என்ற சொல்லைப் பற்றி வரலாறு கூறும் செய்திகள் இனியவை அல்ல. இங்கிலாந்தில் 1862-ஆம் ஆண்டு இராபர்ட் லோ என்னும் அமைச்சர், பள்ளி மானியத்தின் பெரும் பகுதியைப் படிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் ஒவ்வொரு பிள்ளையும் பெறும் தேர்ச்சியோடு பிணைத்தார். அரசின் செலவு குறைந்தது. பள்ளிகளும் அம்மூன்றினுள் ஒடுங்கின. பணம் வராத பாடத்தை எவர் கற்பிப்பார்? கவிஞரும் பள்ளி ஆய்வாளருமாகிய மாத்யூ ஆர்னால்டு இம்முறையைத் தொடர்ந்து எதிர்த்தார். அது முற்றிலும் ஒழிய 1890-களின் இறுதி வரை, அதாவது முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பிடித்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1978-ஆம் ஆண்டு மக்கள் வாக்களித்துச் சொத்து வரிக்கு உச்ச வரம்பு கட்டினர். சொத்து வரியை நம்பியிருந்த பள்ளிகளில் இசை, ஓவிய ஆசிரியர்களும் நூலகர்களும் குறைந்தனர். சட்டத்தின் வழியே கலைக் கல்விக்கென்று தனி ஒதுக்கீடு வேண்டும் என்று அம்மாநில மக்கள் மறுபடியும் வாக்களித்தது 2022-இல். இடையில் 44 ஆண்டுகள் சென்றுவிட்டன. பணம் வந்த பின்னும் கற்பிக்கத் தகுதியுள்ள ஆசிரியர் போதவில்லை என்பது அங்கே பெரும் பேச்சாயிற்று. ஆசிரியர் பயிற்சி பெற்ற எவர்க்கும் இதன் காரணம் விளங்கும். இசையாசிரியர் இல்லாத பள்ளியில் பயின்றவருள் எவர் இசையாசிரியர் ஆவார்? கூரையைப் பத்தாண்டு கழித்தும் போட்டுவிடலாம். ஆசிரியர் பரம்பரை அறுந்தால் பணம் கொடுத்து உடனே முடிந்துவிட இயலாது.

கலைப் பாடங்களுக்காகப் பரிந்து பேசுவோர் அடிக்கடி ஒரு வழியில் நடந்து தாமே குழியில் விழுகின்றனர். இசை கற்றால் கணிதம் வரும் என்பர். ஓவியம் வரைந்தால் மூளை வளரும் என்பர். 1993-ஆம் ஆண்டு மோட்சார்ட்டின் இசையைச் சிறிது நேரம் கேட்ட கல்லூரி மாணவர்கள் ஒருவகைச் சோதனையில் சற்று மேம்பட்டனர் என்று ஓர் ஆய்வு வெளிவந்தது. அதன் பயன் சில நிமிடங்களே நின்றது. ஆயினும் 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் இசைத் தட்டு வழங்க நிதி கேட்கும் அளவுக்கு அச்செய்தி பெருகிவிட்டது. இவ்வாறு வாதிடுவதில் உள்ள இடர் எளிது. கணிதத்துக்கு உதவும் என்பதற்காக மிருதங்கத்தை வைத்தால், உதவவில்லை என்று நாளை ஓர் ஆய்வு கூறும்பொழுது மிருதங்கத்தைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். கணிதம் எதற்கு உதவுகிறது என்று இசையிடம் எவரும் சான்று கேட்பதில்லையே. இயல், இசை, நாடகம் என மூன்றாய் எண்ணப்பட்ட மொழி நம்முடையது. முத்தமிழ் என்று மேடையில் முழங்கிவிட்டு, பள்ளியில் இயலை மட்டும் வைத்துக்கொண்டு, அதனையும் கருத்துணர்தல் வினாக்களாகச் சுருக்கிவிட்டோம்.

இடைநிலைப் பள்ளியில் நிலைமை சற்று வேறானது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்த வேண்டும். பதினான்கு பேர் மட்டும் இருக்கும் பள்ளியில் அந்தப் பதினால்வரின் நிலை என்ன என்று நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2010 முதல் எஸ்.பி.எம். தேர்வில் 10 பாடங்களுக்கு மேல் எடுக்கலாகாது என்ற அறிவிப்பு 2009-இல் வந்தபொழுது, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் ஒதுக்கப்பட்டுவிடும் என்று சமுதாயம் கொதித்தெழுந்தது. பின்னர் 12 பாடங்கள் வரை எடுக்க இசைவு கிடைத்தது. அது பணத்தைக் குறைத்த செயலன்று. ஆயினும் எது கூடுதல் என்று தீர்மானிக்கும் மனம் அதே மனம். இன்றும் தமிழ் இலக்கியம் பல இடங்களில் கால அட்டவணைக்கு வெளியே, மாலையிலும் சனிக்கிழமையிலும் ஆசிரியர்கள் தம் சொந்த நேரத்தைக் கொடுத்து நடத்துவதால் உயிர் வாழ்கிறது. அவர்களை நாம் போற்றுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். ஆனால் ஒருவருடைய நற்குணத்தை நம்பி ஒதுக்கீட்டை நிறுத்திவைப்பது அறமாகுமா? அந்த ஆசிரியர் நோயுற்றால், அல்லது மாற்றலாகிப் போனால், அவ்வாண்டோடு அப்பள்ளியில் இலக்கியம் முடிந்துவிடுகிறது. ஈகை மனமுள்ளவர் இருப்பதனாலேயே பொறுப்புள்ளவர் உறங்கிவிடுகின்றனர்.

செய்யத்தக்கது என்ன? ஒரு பாடத்தை முழுதும் வீழ்த்தி மற்றவற்றை முழுதும் காப்பதைவிட, எல்லாவற்றிலும் சிறிது சிறிது குறைத்துக்கொள்வது நன்று என்பது என் கருத்து. மெலிந்த செடி மழை வந்தால் தழைக்கும். பிடுங்கிய செடி தழைக்காது. அண்டையிலுள்ள மூன்று நான்கு சிறிய பள்ளிகள் ஓர் இசையாசிரியரைப் பகிர்ந்துகொள்ளலாம். போக்குவரத்துச் செலவும் கால அட்டவணையும் இடையூறு செய்யும், ஆயினும் இயலாததன்று.

இவற்றினும் முதன்மையாக நான் வேண்டுவது ஒன்று. பள்ளியின் ஆண்டறிக்கையில் நாம் செய்தவற்றையே எழுதுகிறோம்: கோப்பைகள், தேர்ச்சி விழுக்காடு, திறப்பு விழாக்கள். அதன் இறுதியில் கொடுக்கப்படாதவை என்று ஒரு பகுதி சேர்க்க வேண்டும். இவ்வாண்டு இத்தனை வாரம் இசை வேளை வேறு பாடத்துக்குப் போயிற்று, இத்தனை மாணவர் ஓர் இசைக்கருவியையும் தொடாமல் ஆறாம் ஆண்டை முடித்தனர், நூலகத்துக்கு இத்தனை புதிய நூல்களே வந்தன, நாடகம் எதுவும் அரங்கேறவில்லை, காரணம் இது. இவ்வளவே. குற்றச்சாட்டும் வேண்டா, புலம்பலும் வேண்டா. தலைமையாசிரியர் கையொப்பமிட்டுப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் படிக்கட்டும். ஒரு படி மேலாளர் வாரியத்துக்கும் ஒரு படி கல்வி அலுவலகத்துக்கும் போகட்டும். மேலிடத்தில் இதனை முறையீடாக எடுத்துக்கொள்வர் என்று அஞ்சும் நண்பர்கள் இருக்கின்றனர். வருகைப் பதிவேட்டில் வராத பிள்ளையின் பெயருக்கு நேரே குறியிடுவதை எவரும் முறையீடு என்று கொள்வதில்லை. முதலாண்டு அக்குறிப்பைக் கேட்டுப் பெற்றோர் பேசாமல் எழுந்து போகலாம். இரண்டாம் ஆண்டு, போன ஆண்டின் எண்ணையும் இவ்வாண்டின் எண்ணையும் அருகருகே வைத்துப் படிக்கலாம்.